சிவப்புத் துணி போட்ட மேசை: கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகள் செய்யும் சேவை போட்டோவுக்குத்தானா?

வாசகர் கேள்வி, 17 ஆகஸ்ட் 2024

“அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் கமலா ஹாரிஸ் பற்றிச் செய்தி வந்தாலே கூடவே ‘சொராரிட்டி’ என்ற சொல்லும் வருகிறது. கல்லூரியில் படிக்கிற பெண்கள் சேரும் கிளப்தானே அது? ஒரே நிறத்தில் உடை, கைச்சாடை, பாட்டு, ஆட்டம். படிப்பு முடிந்து முப்பது வருடம் ஆன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. சமூக சேவை எல்லாம் போட்டோவுக்கு.”

18 ஆகஸ்ட் 2024

போட்டோவுக்கு என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குக் கிழக்கே டிகேட்டர் பக்கம் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் நூலக வாசலில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது ஒரு மடக்கு மேசை இருக்கும். மேலே சிவப்புத் துணி. பின்னால் ஐந்தாறு பெண்கள், எல்லோருக்கும் சிவப்புச் சட்டை. இளையவருக்கு முப்பது இருக்கும், மூத்தவருக்கு எண்பதுக்குக் குறையாது. ஒரு மாதம் வாக்காளர் பதிவு, ஒரு மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, ஒரு மாதம் பி.பி. பார்ப்பது. மழை பெய்தால் மேசையைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் சொராரிட்டியின் முன்னாள் மாணவியர். முன்னாள் மாணவியர் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வருடத்துக்கு ஒரு நாள் கூடி, பிரியாணி சாப்பிட்டு, பழைய வாத்தியாரைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைகிற சங்கம். இது அப்படி இல்லை. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கும் ஊரில் இருக்கும் கிளையில் சேர்ந்துவிடுகிறார்கள். கல்லூரிக் காலத்தில் சொராரிட்டியில் சேராமல் விட்டுப்போனவர்கள் நாற்பது வயதில்கூட நேராக இந்தக் கிளைகளில் சேர்வதுண்டு. உண்மையான வேலை நடப்பது இங்கேதான். வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, ஓய்வு பெற்ற பெண்கள் செய்வது.

எங்கள் ஊர் மேசை டெல்டா சிக்மா தீட்டா என்ற சொராரிட்டியுடையது. 1913 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் தொடங்கியது. தொடங்கி ஏழு வாரத்தில், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த பெரிய ஊர்வலத்தில் போய் நின்றார்கள். அதுதான் அவர்களுடைய முதல் பொதுக் காரியம். கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்ன ஊர்வலம் அது. கமலா ஹாரிஸும் இந்தச் சிவப்புச் சட்டைக்காரர்தான். 1930களில் மிசிசிப்பி கிராமங்களுக்குப் போய் மருத்துவ முகாம் நடத்தியவர்களும் இவர்களே.

19 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வரியும் தவறு. திருத்திய இருவருக்கும் நன்றி. கமலா ஹாரிஸ் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சேர்ந்தவர். அது 1908இல் அதே ஹோவர்டில் தொடங்கியது, கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளில் முதலாவது. நிறம் இளஞ்சிவப்பும் பச்சையும். அவர் சேர்ந்தது 1986இல். மிசிசிப்பி முகாமும் அவர்கள் நடத்தியதுதான், டெல்டா அல்ல.

கறுப்பினப் பெண்களின் பெரிய சொராரிட்டிகள் நான்கு: 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913இல் டெல்டா, 1920இல் ஜீட்டா ஃபை பீட்டா, 1922இல் சிக்மா காமா ரோ. முதல் மூன்றும் ஹோவர்டில் பிறந்தவை. நான்காவது இண்டியானாபொலிஸில், பட்லர் பல்கலைக்கழகத்தில், ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கியது. இண்டியானாவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் கொடிகட்டிப் பறந்த வருடங்கள் அவை. வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்றீர்களே, அந்த ஏழு டீச்சர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஆகஸ்ட்

ரோட்டரி, லயன்ஸ் மாதிரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். சந்தா உண்டு, கூட்டம் உண்டு, பொருளாளர் உண்டு. ஆனால் ரோட்டரிக்காரர் இன்னொருவரின் குறையைத் தீர்க்க வருகிறார். இந்தப் பெண்கள் தங்கள் வீட்டிலும் இருக்கிற குறையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பி.பி. பார்க்கிறவருக்கே பி.பி. இருக்கிறது. வாக்காளர் பெயரைப் பதிகிறவரின் அம்மாவுக்கு ஒரு காலத்தில் ஓட்டு மறுக்கப்பட்டிருக்கிறது.

25 ஆகஸ்ட்

மிசிசிப்பிக் கதையைத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டேன். சரியாகச் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டிய கதை.

1934இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சேர்ந்த ஐடா ஜாக்சன் என்ற ஆசிரியை கலிஃபோர்னியாவிலிருந்து மிசிசிப்பியின் லெக்சிங்டனுக்குப் போகிறார். கிராமத்து ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடத்துவது திட்டம். போய்ப் பார்த்தால், பாடத்தைவிட அவசரமான விஷயம் உடம்பு என்று தெரிகிறது. அடுத்த வருடமே மருத்துவக் குழு கிளம்புகிறது. தலைமை டாக்டர் டாரதி ஃபெரபீ. டாக்டர், நர்ஸ், ஆசிரியை எல்லோரும் விடுமுறையை இதற்குக் கொடுத்துவிட்டு, தங்கள் கார்களில் தெற்கே போகிறார்கள். இனப் பிரிவினை உச்சத்தில் இருந்த காலம். கறுப்பினப் பெண்கள் மட்டும் ஒரு காரில் மிசிசிப்பிக்குள் போவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை இங்கே வயதானவர்கள் சொல்லக் கேட்டால்தான் புரியும்.

ஒரு இடத்தில் முகாம் போட்டு மக்களை வரச் சொல்லலாம் என்பது திட்டம். பருத்தித் தோட்ட முதலாளிகள் ஆட்களை விடவில்லை. இந்தப் பெண்கள் வந்து குத்தகைக்காரர்களைத் தூண்டிவிடுவார்கள் என்று பயம். சரி, நீங்கள் விடாவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று, முகாமையே காரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். பெரியம்மைக்கும் டிப்தீரியாவுக்கும் ஊசி, பல் பார்ப்பது, என்ன சாப்பிடலாம் என்று சொல்வது. முதலாளியின் ஆட்கள் பக்கத்தில் நின்று, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். உலகப்போர் வந்து பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் ஆகும்வரை, கோடைக்குக் கோடை நடந்தது.

இதைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் நிற்கிற இடம், முகாமைக் காரில் ஏற்றிய அந்த இடம்தான்.

14 செப்டம்பர், சனி

இன்று மேசையில் ஒரு மணி நேரம் நின்றேன். என் நாத்தனாருக்கு மே மாதம்தான் குடியுரிமை கிடைத்தது. அவரை வாக்காளராகப் பதியக் கூட்டிக்கொண்டு போனேன்.

படிவம் வாங்கியவர் எழுபது வயது இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. படிவத்தை ஒரு அட்டையில் கிளிப் போட்டு வைத்து, பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வருகிறார். பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதுபோலவே இருக்கிறதா? நம் ஊர் இனிஷியல் பிரச்சினை அங்கே வந்துவிட்டது. நாத்தனார் அப்பா பெயரை ஒரு இடத்தில் முழுதாக, ஒரு இடத்தில் ஒற்றை எழுத்தாக எழுதியிருந்தார். அக்கா நிறுத்தினார். புதுப் படிவம் எடுத்துக் கொடுத்து, “அவசரம் இல்லை கண்ணு, மறுபடி எழுது” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஜார்ஜியாவில் படிவத்தில் இருப்பதும் அரசின் பதிவில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இழுபறி.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு வியப்பு. “குடியுரிமை வாங்கிய பிறகு ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தாயா?” இல்லை என்றோம். புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களின் உரிமப் பதிவில், குடியுரிமை இல்லாதவர் என்றுதான் இன்னும் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இவர்கள் பெயருக்குச் சந்தேகக் குறி போட்டு நிறுத்திவிடுவார்கள். சான்றிதழ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், ஓட்டுப் போடும் அன்றும் எடுத்துப் போ என்றார். பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன், எங்கள் தமிழ் வட்டாரத்தில் ஒருவர்கூட இதை எனக்குச் சொன்னதில்லை.

எந்தக் கட்சி என்ற பேச்சே அந்த மேசையில் வராது. ஒரு பையன் வந்து யாருக்குப் போடலாம் என்று கேட்டான். “அது உன் வேலை. என் வேலை, உன் கையெழுத்து இந்தக் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது” என்றார். அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பதினேழரை ஆனாலே ஜார்ஜியாவில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அவன் அம்மா கார் பார்க்கிங்கிலிருந்தே கைதட்டினார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம்.

15 செப்டம்பர்

படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு தொலைத்துவிட்டால் என்று ஒருவர் கேட்கிறார். வாங்கிய படிவத்தைப் பத்து நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது, கடைசித் தேதி நெருங்கினால் அதைவிடக் குறைவு. இவர்கள் அன்று மாலையே எண்ணி, எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நோட்டை நேற்று பார்த்தேன். நீல அட்டை, ஓரம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. போட்டோவுக்குச் செய்கிறவர்கள் நோட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

22 செப்டம்பர்

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. நேற்று அவர்கள் நடத்திய இரத்ததான முகாமுக்குப் போனேன். ஜூலையில் மதுரைக்குப் போய் வந்தவள் என்பதால் இரத்தம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மலேரியா உள்ள ஊருக்குப் போய் வந்தால் மூன்று மாதம் கொடுக்க முடியாது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு அக்கா கையைப் பிடித்து, ஜூஸ் மேசைக்கு ஆள் இல்லை, நில் என்றார். நின்றேன், மூன்று மணி நேரம்.

செப்டம்பர் இங்கே சிக்கிள் செல் விழிப்புணர்வு மாதம். தமிழில் அரிவாள் செல் நோய் என்கிறோம், சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துவிடும் பரம்பரை இரத்த நோய். அமெரிக்காவில் பிறக்கும் கறுப்பினக் குழந்தைகளில் 365இல் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கிறது. 13இல் ஒருவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார். நோயாளிக்குத் திரும்பத் திரும்ப இரத்தம் ஏற்ற வேண்டும். ஏ, பி, ஓ என்ற இரத்த வகை பொருந்தினால் மட்டும் போதாது. நுணுக்கமான உட்பிரிவுகளும் பொருந்தாவிட்டால், கொஞ்ச நாளில் உடம்பு அந்த இரத்தத்தை எதிர்க்கத் தொடங்கிவிடும். அப்படிப் பொருந்துகிற இரத்தம் கறுப்பினக் கொடையாளிகளிடம்தான் அதிகம் கிடைக்கிறது. இந்த முகாமைத் தங்கள் சர்ச் மண்டபத்தில், தங்கள் ஆட்களைக் கூப்பிட்டு நடத்துவதற்கு அதுதான் காரணம்.

ஜூஸ் கொடுத்துக்கொண்டே நான் ஒரு அக்காவிடம் சொன்னேன்: எங்கள் நீலகிரியில் பழங்குடி மக்களிடம் இதே நோயின் மரபணு இருப்பதை 1952லேயே கண்டுபிடித்தார்கள். அவர் ஜூஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “இந்தியாவிலா?” என்றார். எந்த மாதிரி ஜனங்கள், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். தூரம் தெரியாமல் விழித்தேன். அன்று இரவு உட்கார்ந்து கூடலூர், கோத்தகிரி பக்கம் என்ன நடக்கிறது என்று படித்தேன். மதுரைக்காரியான எனக்கு நீலகிரியைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் ஜார்ஜியாக்காரர்.

29 செப்டம்பர்

ஹெலீன் புயல் ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியைப் புரட்டிப் போட்டுவிட்டது. அகஸ்டா பக்கம் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. சிவப்பு மேசை இன்று பதிவு மேசை இல்லை. டயப்பர், சானிட்டரி நாப்கின், தண்ணீர் பாட்டில், பேட்டரி. நான் ஒரு மூட்டை பழைய துணி கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே இருக்கிற கிளையிடம் போனில் கேட்டுப் பட்டியல் வாங்கியிருக்கிறார்கள், அதில் துணி இல்லை. திரும்பக் கடைக்குப் போய், இரண்டாம் எண், நான்காம் எண் டயப்பர் வாங்கி வந்தேன். அந்த எண்கள்தான் தீர்ந்துபோயிருந்தன.

8 அக்டோபர்

நேற்றோடு வாக்காளர் பதிவு முடிந்தது. புயலுக்காகத் தேதியை நீட்டச் சொல்லிக் கேட்டார்கள், நீட்டவில்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணி வரை மேசை இருந்தது, நூலகம் மூடிய பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில்.

16 அக்டோபர்

ஜார்ஜியாவில் முன்கூட்டி வாக்களிப்பது நேற்று தொடங்கியது. முதல் நாளே மூன்று லட்சத்துக்கும் மேல். நாத்தனார் போட்டுவிட்டார், சான்றிதழ் நகல் கைப்பையில் இருந்தது.

வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுகூட இங்கே வழக்கு ஆகியிருக்கிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. 2021இல் ஒரு சட்டம் வந்தது. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்கும் யாருக்கும் 25 அடிக்குள்ளும், சாப்பாடோ தண்ணீரோ கொடுத்தால் குற்றம். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் டெல்டா சிக்மா தீட்டாவும் ஒன்று. 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த 25 அடிப் பகுதியை நிறுத்தி வைத்தது, 150 அடி அப்படியே இருக்கிறது. அதனால் நேற்று நம் அக்காக்கள் அளவு நாடா கொண்டுவந்து, 150 அடியைத் தாண்டி ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்ப் பெட்டியை வைத்தார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டாமல் நிற்பதிலேயே கண்ணாக இருந்தார்.

சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கிறார்கள், தெருவில் அடி அளந்து மதிக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆட்கள்.

10 நவம்பர்

தேர்தல் முடிந்தது. கமலா ஹாரிஸ் தோற்றது எல்லோருக்கும் தெரியும். நேற்று சனிக்கிழமை, அந்தப் பெண்கள் வருவார்களா என்று பார்க்கவே போனேன். வந்திருந்தார்கள். இரண்டு பேர் கண் வீங்கியிருந்தது. நன்றி தெரிவிக்கும் நாள் சாப்பாட்டுப் பெட்டிக்கு அரிசி, பீன்ஸ், சர்க்கரைவள்ளி என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் பேசவில்லை. சர்க்கரைவள்ளியை ஐந்து ஐந்தாகப் பையில் போட்டுக் கட்டினேன்.

24 நவம்பர்

நான் இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். நல்லதை மட்டும் எழுதிவிட்டேன் என்று படுகிறது. கேள்வி கேட்டவர் சொன்னதில் யோசிக்க வேண்டியதும் இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் போய்ச் சேர முடியாது. பட்டப்படிப்புத் தொடர்பு வேண்டும், உள்ளே இருப்பவர்கள் ஆதரவு வேண்டும், சேரும்போது கட்டும் பணம் சின்னத் தொகை இல்லை. என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு ரொம்ப ஆசை, காசு சேரவில்லை, சொல்லும்போது குரல் அடைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க முடியாத பெண்கள் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது உண்மை. இன்னொன்று, புதியவர்களைத் துன்புறுத்தும் பழக்கம். 1990இல் இந்த அமைப்புகள் கூட்டாக முடிவெடுத்துப் பழைய சேர்ப்புச் சடங்குகளைக் கைவிட்டன. அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாக நடந்து, பிள்ளைகள் காயப்பட்டிருக்கிறார்கள். நம் ஊர் ராகிங்கில் என் தம்பி பட்டதைப் பார்த்தவள் நான், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கழுத்துச் சங்கிலி அக்காவிடம் இதைக் கேட்டேன். மழுப்பவில்லை. “நானும் இருபது வயதில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மூடுவதில்லை” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

25 நவம்பர்

இதில் தொடர்பில்லாதது, ஆனால் விட மனமில்லை. டெல்டாவின் தேசியத் தலைவராக 1947 முதல் 1956 வரை இருந்தவர் டாரதி ஹைட். அந்தப் பதவியில் இருந்தபோதே, 1952இல், தில்லிக்கு வந்து தில்லி சமூகப்பணிப் பள்ளியில் பாடம் நடத்தினார். நம் நாட்டில் சமூகப்பணி படித்தவர்களில் ஒரு தலைமுறைக்கு இவர் மாணவர்கள் ஆசிரியர்களாக இருந்திருக்கக்கூடும்.

12 டிசம்பர்

பிரசவம் பற்றி எழுதச் சொன்னவருக்கு. 2021இல் அமெரிக்காவில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 69.9 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள், வெள்ளையினத் தாய்மார்கள் 26.6. 2023இல் அது 50.3, 14.5. எண்ணிக்கை இறங்கியது, ஆனால் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை மடங்கானது. படித்த, காசுள்ள கறுப்பினப் பெண்களுக்கும் இந்த ஆபத்து விலகவில்லை.

ஜீட்டா ஃபை பீட்டாவினர், தாய்சேய் நலத்துக்காக வேலை செய்யும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்போடு சேர்ந்து, 1972 முதல் ‘நாரைக் கூடு’ என்று ஒன்று நடத்துகிறார்கள். கர்ப்பிணி டாக்டரிடம் போனால், வகுப்புக்கு வந்தால் புள்ளிகள். புள்ளிகளைக் கொடுத்துக் குழந்தைக்கு வேண்டிய சாமான்களை எடுத்துக்கொள்ளலாம். இனாமாக வாங்குகிறோம் என்ற கூச்சம் இல்லை, அவளே சம்பாதித்தது. நம் ஊர் வளைகாப்பில் ஏழு மாதத்துப் பெண்ணைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கன்னத்தில் சந்தனம் பூசுவார்களே, அந்தப் பத்துப் பேர் இல்லாத பெண்ணுக்கு இது.

19 ஜனவரி 2025

நாளை மார்ட்டின் லூதர் கிங் நாள், இங்கே சேவை நாளாகக் கொண்டாடுவது. நேற்றே சர்ச் மண்டபத்தில் பி.பி. முகாம். நான் அக்காவுக்கு உதவி.

வந்தவரை முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பிறகு அக்கா கைப்பட்டையைக் கட்டும் முன்னால் ஒரு நாடாவால் மேல்கையை அளந்தார். எதற்கு என்றேன். பட்டை சின்னதாக இருந்தால் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுவாள், அல்லது மெஷின் பொய் சொல்கிறது என்று இருக்கிற வியாதியையும் விட்டுவிடுவாள். கடையில் ஒரே அளவுதான் வைக்கிறார்கள், எங்கள் கைக்கு ஏற்றதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது என்றார்.

பெரிய பட்டை அவர்களிடம் ஒன்றுதான். அதற்காகவே மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரு அம்மாவுக்குச் சின்னப் பட்டையில் 152, பெரிய பட்டையில் 138. அக்கா இரண்டையும் எழுதி, இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டு, இதை டாக்டரிடம் காட்டு, எந்தப் பட்டை என்று அவரிடம் கேள் என்று கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் அம்மாவின் மெஷினை எடுத்து அவர் கையை அளந்தேன். ஐந்து வருடமாகத் தவறான பட்டை. அவருக்கு ஒன்று, சிவப்பு மேசைக்கு இரண்டு என்று பெரிய அளவு மூன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசல். டிகேட்டர் பக்கம் இருப்பவர்கள் அப்பா அம்மாவைக் கூட்டி வாருங்கள். பின்பக்கப் பார்க்கிங்கில் இடம் கிடைக்கும்.